இடுப்பில் பிள்ளையோடு ஒரு முன்ஷி

மிஷன் வெள்ளைக்கார அம்மாமாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் முன்ஷி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் எழுதுவது. நான் வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அனுபவம் எழுதுகிறவருக்குத் தலை கொஞ்சமாவது நரைத்திருக்க வேண்டும். எனக்கு இருபத்து நான்கு வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது, அதனால்தான் நின்றேன். எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்று உண்டு. உங்கள் மாணவி நீங்கள் சொல்லிக் கொடுப்பதோடு நிற்க மாட்டார். நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் பார்த்துப் படித்துக்கொள்வார். அது எனக்கு ஆரம்பத்தில் தெரியவில்லை.

எனக்கு வாய்த்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். உத்தமபாளையத்துக்கு வருமுன் துருக்கி தேசத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்து அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்தவர். அதனால் ஊரில் அவர் பெயர் துருக்கி அம்மா. துருக்கி பாஷை என்றால் எங்கள் ஊர் ராவுத்தர் வீடுகளில் பேசும் பாஷையாக இருக்கும் என்று என் மாமியார் முடிவு கட்டிக்கொண்டார்.

"பின்ன எதுக்கு ஒன்னைய வேலைக்கு வச்சாக? நேரா ராவுத்தர் தெருவுக்குப் போயிப் பேசிக்கிற வேண்டியதுதான?"

அம்மாவும் ஒரு நாள் ஆசைக்குப் பேசித்தான் பார்த்தார். ராவுத்தர் வீட்டம்மா ஒருவர் வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இப்ப அதையே தமிழ்ல சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்" என்றார்.

அதுவரை மதுரையிலிருந்து வரும் ஆண் முன்ஷிகள்தான் அம்மாமாருக்குப் பாடம் சொல்லி வந்தார்கள். அவர்கள் கற்பித்த தமிழோடு அம்மாமார் வீடுகளுக்குள் போய் வாயைத் திறந்தால், உள்ளே இருக்கும் பெண்கள் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே ஒரு வருஷம் பெண் முன்ஷியை வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. வருஷக் கடைசியில் அம்மா தமிழ்ப் பரீட்சையில் தேறினால் அந்த வேலை எனக்கு நிலைக்கும். தேறாவிட்டால் மறுபடி மதுரை ஆள். போர்டிங் பள்ளியில் படித்துவிட்டு வந்த எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு புத்தகம் திறக்கக் கிடைத்தது தினமும் பாடம் சொல்லும் இரண்டு மணி நேரம் மட்டும்தான். அது போனால் அடுப்பும் தொட்டிலும் மிச்சம். இரண்டும் வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணியை விட எனக்கு மனமில்லை.

என் மகள் எஸ்தருக்கு அப்போது எட்டு மாதம். வீட்டில் விட்டுப் போனால் அழுவாளோ என்று பயம். தூக்கிப் போனால் வெயில் படுமோ என்று பயம். தூக்கிப் போவதில் பயம் சற்றுக் குறைவாக இருந்ததால் தூக்கியே போனேன்.

முதல் நாள் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று எழுதிக் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "பனா ஸு லாஸம்" என்றார். பனா என்றால் எனக்கு, ஸு என்றால் தண்ணீர், லாஸம் என்றால் வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. இங்கிலீஷ்காரருக்குத் தாகம் எடுத்தால் அவரே முன்னால் வந்து நின்று நான், நான் என்பார். துருக்கியரும் உங்கள் ஜனங்களும் தண்ணீரைப் பேசவிட்டு ஓரமாக நின்றுகொள்கிறீர்கள் என்று சொல்லி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் போக வேண்டும் என்பதை அங்கே "என் போகுதல் தேவை" என்பார்களாம். ஒரு தோட்டத்து வாசலில் "நுழையப்படாது" என்று மட்டும் பலகை இருந்ததாம். நுழையக் கூடாதவர் யார், தடுக்கிறவர் யார் என்று ஒன்றும் கிடையாது. தோட்டக்காரர் யாரென்று கடைசிவரை தெரியாமலே அந்தப் பலகைக்குப் பயந்து சுற்றிப் போனதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா ஒரு தனி நோட்டுப் போட்டார். ஆளில்லாத வாக்கியங்கள் எல்லாம் அதில். பசிக்கிறது, குளிர்கிறது, தெரியாது, முடியாது, போதும், வேண்டியிருக்கிறது, கூடாது. சந்தைக்குப் போனாலும் கோழியை விட்டுவிட்டு வாக்கியத்தோடு திரும்பி வருவார்.

இதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பெரியவர்களிடம் நேருக்கு நேர் "நீங்கள் சொன்னது தப்பு" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அம்மா பிழையாகச் சொன்னால், "அப்படிச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்" என்பேன். உடனே அம்மா முகம் மலர்ந்து அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார். அபாரமான வாக்கியம், இதிலும் ஆளே இல்லை என்பார். பிழை அப்படியே நிற்கும். ஒரு தடவை தைரியத்தை எல்லாம் கூட்டி, "இது மாற்றப்பட வேண்டியதாக இருக்கலாம்" என்றேன். அதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக்கொண்டார்.

இனி நடந்த தப்புக்கு வருகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மாமனார் கொல்லையில் நின்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை. கையில் பிள்ளை இருந்தால் பிள்ளையிடம் சொல்வது, அவர் காதில் விழும். நான் எஸ்தரைப் பார்த்து, "கண்ணு, தாத்தாவுக்கு வெந்நி ஆயிருச்சுன்னு சொல்லு" என்றேன். மாமனார் அங்கிருந்தே, "ஏ ஆத்தா, தாத்தா இந்தா வந்துட்டேன்னு அம்மாட்டச் சொல்லிரு" என்றார். இரண்டு பக்கத்துச் செய்தியையும் கொண்டு போக வேண்டியவள் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். துருக்கி அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டு கையில் இல்லை. இருந்திருந்தால் நான் அப்போதே உஷாராகியிருப்பேன்.

மறுநாள் பாடத்துக்குப் போனதும் அம்மா எஸ்தரைப் பார்த்து, "கண்ணு, இன்னிக்குப் பாடம் கொஞ்சம் நீளம்னு அம்மாட்டச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் விளக்கியிருக்க வேண்டும். இது வீட்டுக்குள் மருமகள் பேசுகிற விதம், வெளியே மற்றவர்களிடம் இப்படிப் பேசினால் சிரிப்பார்கள் என்று இரண்டு வாக்கியம் போதும். ஆனால் விளக்கினால், நீ ஏன் உன் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது, அந்தப் பதில் மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது.

அம்மாவோ, மரியாதையாகக் கேட்பதற்குத் தமிழில் இதுதான் உயர்ந்த வழி என்று முடிவு செய்துவிட்டார். வீடு வீடாகப் போகும்போது முதலில் பிள்ளையைத் தேடினார். "கண்ணு, அம்மா ஏன் போன வாரம் படிக்க வரலன்னு கேளு." பெண்களுக்கு ஒரே குஷி. வெள்ளைக்கார அம்மா தங்களுக்கு மருமகள் மாதிரி பேசுவதைக் கேட்கப் பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளை கிடைக்காமல் ஆட்டுக்குட்டியைப் பார்த்துப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

வருஷம் முடிந்தது. பரீட்சைக்கு ஒரு பெரிய பாதிரியாரும், அவரோடு மதுரையில் முப்பது வருஷம் பாடம் சொன்ன முன்ஷி ஒருவரும் வந்தார்கள். முன்ஷி ஐயா வாசலிலேயே என் இடுப்பைப் பார்த்தார்.

"இது யார்?"

"என் மகள் ஐயா."

"பாடத்துக்கும் வருமோ?"

"வருவதுண்டு" என்றேன்.

"கைக்குழந்தையோடு முன்ஷி வேலை. எங்கே கண்டது" என்று அவர் பாதிரியாரிடம் சொன்னார். நான் காதில் வாங்காதவள் போல நின்றேன். வாங்கியது அத்தனையும் இன்னும் காதில் இருக்கிறது.

எழுத்துப் பரீட்சையில் அம்மா நன்றாகவே செய்தார். படிப்பதிலும் குறையில்லை. மூன்றாவது, பேச்சு. முன் அறிமுகமில்லாத ஊர்க்காரர் ஒருவரிடம் பரீட்சகர் முன்னால் பேசி ஒரு காரியத்தை நடத்திக் காட்ட வேண்டும். காரியத்தை முன்ஷி ஐயாவே தேர்ந்தெடுத்தார். மலைமேல் நடக்கும் அணைக்கட்டு வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போகும் வண்டிகள் எங்கள் மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளி வாசலில் அவிழ்த்துப் போட்டு நின்றன. மாடும் புழுதியும் வண்டிக்காரர் கூட்டமுமாக இருந்ததால் பதினாறு பிள்ளைகள் வந்த பள்ளிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். வண்டிகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி ஊர் அதிகாரியான கிராம முன்சீப்பிடம் பேச வேண்டும். அந்த முன்சீப்பிடம் ஊரார் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். வண்டிகள் அங்கே நிற்பதற்குக் காரணம் பள்ளிக்கு எதிரே இருந்த வைக்கோல் போர். அந்தப் போர் முன்சீப்புடையது; வண்டிக்காரர்களுக்கு வைக்கோலை விற்றுக் காசு பார்ப்பவரும் அவர்தான். ஊருக்கே தெரியும், யாரும் சொன்னதில்லை.

சாவடியில் முன்சீப் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிரியாரும் முன்ஷி ஐயாவும் ஒரு ஓரமாக நாற்காலியில். முன்ஷி ஐயா பென்சிலைச் சீவிக் கையில் வைத்திருந்தார். நான் எஸ்தரோடு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா கும்பிட்டார். முன்சீப்பின் மீசையைப் பார்த்தார். இவ்வளவு பெரியவரிடம் மிகுந்த மரியாதை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று என் பக்கம் திரும்பி எஸ்தரின் கையைப் பிடித்தார்.

"கண்ணு, தாத்தாட்டச் சொல்லு. பள்ளிக்கூட வாசல்ல வண்டி நிக்குது. பிள்ளைக வர்றதுக்கு வழி வேணும்."

முன்ஷி ஐயாவின் பென்சில் அப்படியே நின்றது. முன்சீப் அம்மாவைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இவர் நேற்று வந்த மருமகள் மாதிரி பேச எங்கே கற்றார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

உங்களிடம் மறைக்கக் கூடாது. எஸ்தரை மெதுவாகக் கிள்ளிவிடலாமா என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அவள் அழுவாள், எல்லாரும் கலைவார்கள், பரீட்சை இன்னொரு நாளைக்குப் போகும். முன்னால் போய், அம்மா, நேரே பேசுங்கள் என்று சொல்லலாமா என்றும் நினைத்தேன். அப்படிச் சொன்னால் பேச்சுப் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்தது. மூன்றாவதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் எஸ்தரை முன்சீப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தது.

எஸ்தர் மீசையைப் பார்த்துச் சிரித்தாள்.

முன்சீப் தொண்டையைச் செருமினார். "ஏ ஆத்தா, வண்டி நின்னா என்னவாம்? மாடு ஒன்னைய முட்டுச்சா?"

அம்மா எஸ்தரிடம், "இன்னும் முட்டல. முட்டிருமோன்னு பயமா இருக்குன்னு சொல்லு."

"வண்டிக்காரன் பாவம், தேவாரத்துப் பக்கமிருந்து வர்றான். மாட்டுக்கு வைக்கப்புல் வேணுமா வேண்டாமான்னு கேளு."

"வேணும்னு சொல்லு கண்ணு. மாட்டுக்கும் பசிக்கும்."

முன்சீப் தலையை ஆட்டினார். "அதத்தான் நானும் சொல்றேன். போர் அங்கன இருக்கு, மாடும் அங்கன நிக்குது."

வாசல்படியில் உட்கார்ந்திருந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர், "போரு யாருதுன்னு பாப்பாவையே கேக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

அவர் வேண்டுமென்றே சொன்னார். அம்மாவுக்கு அது தெரியாது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நல்ல முகத்தோடு, "கண்ணு, அந்தப் போர் யாருதுன்னு தாத்தாட்டக் கேளு" என்றார்.

சாவடி முழுவதும் தரையைப் பார்த்தது. சிரிப்பை அடக்குகிறவர்கள் தோள் மட்டும் குலுங்கியது. முன்சீப் சிவந்துபோனார். யார்மேல் கோபப்படுவது? ஊரார் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அவரைக் கேட்கவில்லை. கேட்டவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முன்சீப் மேற்கூரையைப் பார்த்துச் சொன்னார்: "போரை ஆத்தங்கரைப் பக்கமா மாத்தணும்னு ரொம்ப நாளா இருக்கு. அது மாறுனா வண்டியும் தன்னால மாறிரும். நாளைக்குக் காலம்பற ஆயிரும்னு அம்மாமாருக்குச் சொல்லிரு ஆத்தா."

அம்மா எஸ்தரின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு முன்சீப்புக்குக் கும்பிடு போட்டார்.

மிஷன் பங்களாவுக்குத் திரும்பி வந்ததும் முன்ஷி ஐயா தாளை மேஜைமேல் வைத்தார். "முப்பது வருஷத்தில் இப்படி ஒரு பரீட்சை பார்த்ததில்லை. காரியம் முடிந்தது, சரி. யாரும் யாரிடமும் பேசவில்லையே. இதற்கு நான் யாருக்கு மார்க்குப் போடுவது, அந்தக் குழந்தைக்கா?" பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "அம்மா, இப்படிப் பேசக் கற்றுக் கொடுத்தது யார்?" என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் ஏதோ பிசகு என்று விளங்கியது. என்னை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "கற்றுக்கொள்ளப்பட்டது" என்றார்.

அவருடைய நோட்டு முழுவதும் தேடினாலும் எனக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக இன்னொன்று கிடைக்காது. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். பழி அம்மாவின் தலையில் இறங்கியிருக்கும். எனக்கு ஒன்றும் வந்திருக்காது. தங்கைகளே, அந்த இடத்தில் நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். இடுப்பில் எஸ்தர் இருந்ததால் நன்றாக ஊன்றி நிற்க வேண்டியிருந்தது.

"நான்தான் ஐயா" என்றேன். "சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் திருத்தவில்லை."

"ஏன் திருத்தவில்லை?"

"பெரியவர்களிடம் நேரே சொல்லப் பயம்."

"என்னிடம் இப்போது நேரே சொன்னாயே."

பாதிரியார் குறுக்கிட்டு, பேச்சுப் பரீட்சையை மூன்று மாதம் கழித்து மறுபடி வைக்கலாம் என்றார். எழுத்திலும் படிப்பிலும் தேறியதால் மற்றதெல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று மாதமும் அதற்குப் பிறகும் யார் பாடம் சொல்வது என்பதை முன்ஷி ஐயாவின் சிபாரிசுக்கு விட்டார். என் பெயர் எழுதிய சிபாரிசுத் தாள் அவர் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. முன்ஷி ஐயா, காலையில் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "பரிச்சை அவுகளுக்கா ஒனக்கா? மொகம் இப்படிச் சுண்டிப் போயிருக்கு."

"எனக்குத்தான் அத்தை" என்றேன்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுமுன் பள்ளி வாசலில் ஒரு வண்டியும் இல்லை. போர் போன இடத்தில் வட்டமாகக் காய்ந்த தரை மட்டும் இருந்தது. பாதிரியார் குதிரையில் முன்னாலேயே கம்பத்துக்குப் போய்விட்டார். முன்ஷி ஐயா மதுரைக்குத் திரும்ப வண்டி வேண்டும். பள்ளி வாசலில் பார்த்தார், வண்டி இல்லை. ஆற்றங்கரைக்கு ஆள் அனுப்பினார்; முன்சீப் உத்தரவில்லாமல் வர மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சாவடிக்கு அவரே போனார். முப்பது வருஷத்துத் தமிழில், முன்னிலையில், நேருக்கு நேர் கேட்டார். முன்சீப், "வண்டியெல்லாம் பள்ளிக்கூடத்துக்காக மாத்தியாச்சுங்களே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டாராம்.

நான் பாடத்துக்கு வந்தபோது முன்ஷி ஐயா பங்களா வராந்தாவில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் காலடிவரை வந்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்தார். தொண்டையைச் செருமினார். என் முகத்தைப் பார்க்காமல் எஸ்தரைப் பார்த்தார்.

"கண்ணு," என்றார், "மதுரைக்கு ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. சாவடி வரைக்கும் வர முடியுமா என்று அம்மாவிடம் கேள்."

உள்ளே அம்மாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மேஜைமேல் அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் அப்படியே இருப்பது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. எஸ்தர் பதில் சொல்வாள் என்று காத்திருக்க எனக்கு நேரமில்லை.

"முன்ஷி ஐயா," என்றேன், "நீங்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் நாங்கள் வருகிறோம்."

போட்டார். மை காயும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு முன்ஷி ஐயாவும் நானும் எஸ்தருமாகச் சாவடிக்குப் போனோம்.